மலைப்புல்லுக்கு இட்ட பெயர்

கோடை விடுமுறை கழிந்து லாலாகுடாவிற்குத் திரும்பும் தமிழன்பர்கள், உதகமண்டலம் சென்று வந்த கதையை எங்களிடம் ஆர்வத்தோடு கூறுவதுண்டு. கற்பூர மரமும் சீகை மரமும் அடர்ந்த அக்குளிர்ந்த காட்டைப் புகழாதவர் இல்லை. அம்மரங்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் கொணரப்பட்டவை என்பதையும், அவை நிற்கும் இடத்திற் பெரும்பகுதி முன்னர்ப் புல்வெளியாய் இருந்தது என்பதையும் அறிந்தோர் சிலரே. அப்புல்வெளிக்கு அறிஞர்கள் என்ன பெயர் இட்டனர், அப்பெயரால் விளைந்தது யாது என்பதே இன்று நாம் எண்ணிப் பார்க்கும் வரலாறு.

நிலத்தைத் தாவரத்தின் பெயரால் வகுப்பது தமிழர்க்குப் புதிதன்று. மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி எனப்பட்டன. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி செழித்து வளர்வதும் சோலைகளை அடுத்த இம்மலைப் புல்வெளிகளில்தான்.

தற்கால ஆராய்ச்சியில் முதற்படி, செடிகளை ஒவ்வொன்றாக இனங்காண்பது. சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் பைசன், நீலகிரி, பழனி மலையுச்சிகளின் தாவரங்களைப் பற்றிய நூலை 1915 முதல் வெளியிட்டார். கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியைச் சார்ந்த ரங்காச்சாரியார், தென்னிந்தியப் புற்களுக்கு 1921இல் கையேடு இயற்றினார். நீலகிரியின் சதுப்புகளில் வளரும் அரிய புல் ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தோடர்கள் தம் கோயில்களுக்குக் கூரை வேய்வது அப்புல்லாலேதான்.

இரண்டாம் படி, எந்தச் செடி எதனோடு கூடி வாழ்கிறது என்று காண்பது. ஒரு சிறு சதுரத்தை அளந்து, அதனுள் வளரும் செடிகளையெல்லாம் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு இடத்தை மூடுகிறது என்று மதிப்பிடுவர். பல சதுரங்களின் பட்டியல்களை ஒப்பிட்டால், மீண்டும் மீண்டும் ஒன்றாகத் தோன்றும் கூட்டம் புலனாகும். பிரௌன்-பிளாங்கே வகுத்த இம்முறையைப் பிரான்சின் மோன்பெலியே நகரில் பயின்ற பம்பாய் அறிஞர் பரூச்சா, மத்தியதரைக் கடலோரத்துப் புதர்நிலங்களை ஆராய்ந்தவர். பின்னர்ச் சங்கரநாராயணனோடு சேர்ந்து மேற்குத் தொடர்ச்சி மலைப் புல்வெளிகளையும் ஆராய்ந்து 1958இல் கட்டுரை வெளியிட்டார். கார்சிகா தீவின் மலைப்புல்வெளிகள் வகுக்கப்பட்டதும் இம்முறை வழியேதான்.

ஆயினும் பெரிய வினா ஒன்று எஞ்சி நின்றது. இப்புல்வெளி இயற்கையானதா? அன்றிக் காட்டைத் தீயும் கால்நடையும் அழித்ததால் தோன்றியதா? இரவில் விழும் உறைபனி மரக்கன்றுகளைக் கருக்கிவிடுவதால் புல்லே இயற்கையாக நிலைக்கிறது என்று 1938இல் ரங்கநாதன் வாதிட்டார். மாற்றுக் கருத்தினரும் இருந்தனர். சாம்பியன் 1936இல் வெளியிட்டு, சேத்துடன் இணைந்து 1968இல் திருத்தி அமைத்த இந்தியக் காட்டு வகைப் பட்டியலில், இப்புல்வெளி சோலைக்காட்டின் சீர்குலைந்த நிலை என்றே இடம்பெற்றது.

ஒரு நிலம் சீர்குலைந்தது எனப் பெயர் பெற்றால், அதனைச் சீர்திருத்த மரம் நடுவது அறமாகவே தோன்றும் அன்றோ? தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகையும், விறகுக்கும் ஆலைக்கும் கற்பூர மரமும் பரந்த அளவில் நடப்பட்டன. புல் மறைந்த இடத்தில் வரையாட்டின் மேய்ச்சலும் மறைந்தது.

விடை மண்ணுக்குள்ளே இருந்தது. வெப்பநாட்டுப் புற்களும் மரங்களும் கரியின் ஐசோடோப்பு வகைகளை வெவ்வேறு விகிதத்தில் உட்கொள்கின்றன. மட்கிய சதுப்பு மண்ணில் அவ்வேறுபாடு அழியாது தங்கும். நீலகிரிச் சதுப்பு மண்ணைச் சுகுமாரும் அவர்தம் குழுவினரும் ஆராய்ந்து 1993இல் முடிவுகளை வெளியிட்டனர். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முந்திய அடுக்குகளிலும் புல்லின் சுவடு காணப்பட்டது. வேளாண்மை தோன்றுமுன்னரே அங்கே புல் இருந்தது. முக்குறுத்திப் பகுதி 1990இல் தேசியப் பூங்காவாயிற்று. அந்நிய மரங்களை அகற்றிப் புல்லை மீட்கும் முயற்சிகளும் நடைபெறுகின்றன.

அரசாங்க ஏடுகளை மொழிபெயர்ப்பது எங்கள் தொழில். ‘புல்வெளி’ என்பதற்கும் ‘தரிசு’ என்பதற்கும் ஏட்டில் ஒரு சொல்லே வேறுபாடு. மலையிலோ அது ஒரு வாழ்வின் வேறுபாடு. பிற மாநிலத்தில் குடியேறிய நாம், வந்து சேர்வது குற்றம் என்று கூறமாட்டோம். முன்பே இருந்தவரின் பெயரை அழிப்பதுதான் பிழை. அடுத்த கோடையில் உதகை செல்லும் அன்பர்கள், மரங்களுக்கு அப்பால் எஞ்சியுள்ள அப்பசும்புல்லையும் ஒருகணம் நோக்கி வருவார்களாக.