தூசிக்கும் ஒரு அலை இருக்கு

அம்பத்தூர் எஸ்டேட்ல லாரி போனதும் கவனிங்க. பெரிய தூசி கீழே விழுந்துடும். பொடித்தூசிதான் நம்ம மூக்கு வரைக்கும் வரும். அளவு மாறினா ஓட்டமும் மாறுது. பிளாஸ்மாவுக்குள்ளயும் இதே கதைதான்.

பிளாஸ்மான்னா எலக்ட்ரானும் அயனியும் தனித்தனியாத் திரியும் வாயு. எரியும் டியூப்லைட்டுக்குள் இருப்பது அதுதான். சிப் செதுக்கவும் அதைத்தான் பயன்படுத்துறாங்க. 1989-ல் ஐபிஎம்மில் கேரி செல்வின் குழு அதில் லேசர் பாய்ச்சிப் பார்த்தது. சிலிக்கான் தகட்டுக்கு மேலேயே தூசி மிதந்துகொண்டிருந்தது! விழுந்தால் சிப் காலி.

ஏன் மிதக்குது? எலக்ட்ரான்கள் ஒட்டுவதால் ஒவ்வொரு துகளும் எதிர்மின்னூட்டம் பெறுகிறது.

1990-ல் அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சி ஆய்வகத்தின் என்.என். ராவ், ஜெர்மனியில் இருந்த பி.கே. சுக்லா, எம்.ஒய். யூ மூவரும் கணக்குப் போட்டுச் சொன்னார்கள்: இந்தத் தூசியிலேயே ஒலி போல ஒரு அலை ஓடும். 1995-ல் அயோவா பல்கலைக்கழகத்தில் பர்கான், மெர்லினோ, டி'ஏஞ்சலோ சீனக்களிமண் தூளை வைத்து அதைக் காட்டினார்கள். வேகம் நொடிக்குச் சுமார் 9 செ.மீ. நாம நடக்கிறதைவிட மெதுவு. அதனாலதான் கண்ணாலயே பார்க்க முடிஞ்சது.

இப்போ அளவுக்கு வருவோம். துகளின் ஆரம் இரண்டு மடங்கானால் மின்னூட்டமும் சுமார் இரண்டு மடங்கு. ஆனா நிறை எட்டு மடங்கு! மற்றதெல்லாம் அப்படியே இருந்தால் அலையின் வேகம் சுமார் 30% குறையும்.

1990 கணக்கில் எல்லாத் துகளும் ஒரே அளவு. நிஜத் தூள் அப்படி இருக்காது. சராசரியை மட்டும் நம்பி கோட் எழுதி மாட்டிக்கிட்ட எனக்கு அந்த வலி தெரியும். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.