மினியாபொலிஸிலிருந்து மில்வாக்கி வரை: கட்டாயக் கைதுச் சட்டங்களின் வரலாறு

மனைவியை அடித்தவனைக் காவலர் கைது செய்தே தீர வேண்டும் என்று சட்டம் போடலாமா? அமெரிக்கா இதைப் போட்டே பார்த்துவிட்டது. 1977இல் ஆரிகன் மாநிலம் முதல் அடி எடுத்து வைத்தது. இன்று இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் ஏதேனும் ஒரு வடிவில் கட்டாயக் கைது நடைமுறையில் இருக்கிறது. சான்றுகள் வந்து சேருமுன்பே சட்டம் வந்துவிட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அதற்கு முந்தைய நிலைமையை மறந்துவிட்டு இச்சட்டங்களைக் குறை சொல்வது நியாயமில்லை. பெருங்காயம் இல்லாத அடிதடியைக் காவலர் நேரில் கண்டாலொழிய, பிடியாணை இல்லாமல் கைது செய்ய இயலாது என்பது பொதுச்சட்ட மரபு. காவலர் வாசலுக்கு வந்த பிறகும் யார் அடித்துக்கொண்டிருப்பான்? 1967இல் உளவியலாளர் மார்ட்டன் பார்டு நியூயார்க்கின் மேற்கு ஹார்லெம் பகுதியில் 18 காவலர்களுக்குக் குடும்பச் சண்டையைச் சமாதானம் செய்யப் பயிற்சி கொடுத்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் சமாதானப் பேச்சில் அடித்தவனும் அடிவாங்கியவளும் சமமான இரு தரப்பாகிவிடுகிறார்கள். “புருஷன் பொண்டாட்டி சண்டைதானே, அனுசரிச்சுப் போம்மா” என்று நம்மூர்க் காவல் நிலையங்களில் சொல்லி அனுப்பும் பழக்கத்துக்கு அங்கே கல்விப்புலத்தின் முத்திரையும் கிடைத்தது. 1976இல் ஓக்லாந்திலும் நியூயார்க்கிலும் பெண்கள் காவல் துறை மீதே வழக்குப் போட்டார்கள்.

வழக்குகள் கேட்டதை ஓர் ஆய்வு நியாயப்படுத்தியது. 1981-82இல் மினியாபொலிஸ் நகரில் லாரன்ஸ் ஷெர்மன், ரிச்சர்ட் பெர்க் இருவரும் நடத்திய சோதனை அது. காவலர்களின் கையில் மூன்று நிறத் தாள்கள் கலந்து அடுக்கிய அறிக்கைப் புத்தகம் இருந்தது. மேலே வரும் தாளின் நிறத்தைப் பார்த்து ஆளைக் கைது செய்ய வேண்டும், அல்லது எட்டு மணி நேரம் வீட்டைவிட்டு வெளியே அனுப்ப வேண்டும், அல்லது புத்திமதி சொல்ல வேண்டும். பகுத்தாய்ந்த 314 சம்பவங்களில், ஆறு மாதத்துக்குள் மீண்டும் வன்முறையில் ஈடுபட்டதாகக் காவல் பதிவேட்டில் ஏறியவர்கள், கைதானோரில் 10 விழுக்காடு, புத்திமதி பெற்றோரில் 19, வெளியே அனுப்பப்பட்டோரில் 24. பலரும் மேற்கோள் காட்டியது இந்த எண்களைத்தான். அடிவாங்கிய பெண்களில் ஆறு மாதமும் தொடர்ந்து ஆய்வாளர்களுக்குப் பேட்டி கொடுத்தவர்கள் ஏறத்தாழ பாதிப்பேரே என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. தக்க காரணம் இல்லாவிட்டால் கைதே முறை, ஆனால் எல்லாச் சம்பவங்களிலும் அதைக் கட்டாயமாக்குவதை ஆதரிக்கவில்லை என்று ஆய்வாளர்களே 1984 கட்டுரையில் எழுதியிருந்தார்கள். சட்டமன்றங்கள் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிட்டன.

அதற்கு ஒரு காரணம் கனெக்டிகட் மாநிலத்தின் டாரிங்டன் நகரில் இருந்தது. அங்கே ஓர் இளம்பெண், பிரிந்து வாழ்ந்த கணவன் மிரட்டுகிறான் என்று மாதக்கணக்கில் முறையிட்டும் காவலர்கள் அசையவில்லை. 1983 ஜூன் 10 அன்று அவன் அவளைப் பதின்மூன்று முறை கத்தியால் குத்தினான். அழைப்புக்குப் பிறகு சாவகாசமாக வந்த காவலரின் கண்ணெதிரிலேயே அவள் தலையில் உதைத்தான். 1985இல் நடுவர் குழு 23 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. மறு ஆண்டே கனெக்டிகட்டில் கட்டாயக் கைதுச் சட்டம் வந்தது. மற்ற நகரங்களும் கஜானாவை நினைத்துப் பயந்தன.

பிறகுதான் மறுசோதனைகளின் முடிவுகள் வந்தன. ஓமாஹா, சார்லட், மில்வாக்கி மூன்றிலும் மினியாபொலிஸ் முடிவு உறுதிப்படவில்லை. கொலராடோ ஸ்பிரிங்ஸ், மயாமி இரண்டிலும் ஓரளவு பலன் தெரிந்தது. மில்வாக்கி முடிவுதான் கசப்பானது: வேலையில் இருந்தவன் கைதுக்கு அஞ்சினான், வேலையில்லாதவன் கைதான பிறகு மேலும் அடித்தான். இழப்பதற்கு ஒன்றும் இல்லாதவனிடம் ஓர் இரவுச் சிறைவாசம் என்ன செய்துவிடும்? ஐந்து நகரத் தரவுகளையும் சேர்த்து 2001இல் வெளியான மறுபகுப்பாய்வு, கைதுக்குச் சிறிய நற்பலன் உண்டென்றது. கைதானாலும் ஆகாவிட்டாலும் பெரும்பாலோர் மீண்டும் பிடிபடவில்லை என்றும் அது காட்டியது.

மில்வாக்கிப் பெண்களை 23 ஆண்டுகள் கழித்து ஷெர்மனும் ஹெதர் ஹாரிஸும் தேடிப் பார்த்தார்கள். 1,125 பேரில், எச்சரிக்கையோடு விடப்பட்டவர்களின் துணைவியரைவிடக் கைதானவர்களின் துணைவியரிடையே மரணம் 64 விழுக்காடு அதிகம். கறுப்பினப் பெண்களிடம் இது 98 விழுக்காடு, வெள்ளையரிடம் 9. பெரும்பாலானவை கொலைகள் அல்ல, நோயால் நேர்ந்த மரணங்கள். ஏன் என்பதற்கு அந்த ஆய்வில் விடை இல்லை. ஒரே நகரத்தின் தரவு என்பதால் இதை மட்டும் வைத்துக் கைதே கூடாது என்று வாதிடுவதும் அவசரமாகும்.

கட்டாயம் வேறொரு பக்கமும் வெட்டியது. தடுக்கக் கை ஓங்கிய பெண்ணும் சேர்ந்து கைதானாள். இந்த இரட்டைக் கைதுக்குக் கனெக்டிகட் பேர்போனது. அதே சமயம், தட்டிக்கழிக்கும் காவலரைச் சட்டம் முழுதாகக் கட்டவும் இல்லை. கொலராடோவின் காஸில் ராக் நகரில் 1999இல், பாதுகாப்பு ஆணையை மீறிக் கணவன் மூன்று மகள்களைக் கொண்டுபோய்விட்டதாகத் தாய் இரவு முழுக்கக் கெஞ்சியும் காவலர் தேடவில்லை, சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். சட்டம் கைது செய்யச் சொன்னாலும் காவலரின் விருப்புரிமை மிச்சமிருக்கிறது என்று 2005இல் உச்ச நீதிமன்றம் 7-2 எனத் தீர்ப்பளித்தது.

இந்தியா எதிர்த்திசையில் நடந்தது. மனைவியைக் கணவனோ அவன் உறவினரோ கொடுமைப்படுத்துவதைத் தண்டித்த, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவின் கீழ் 2012இல் மட்டும் 1,97,762 பேர் கைதானார்கள். அவர்களில் 47,951 பேர் பெண்கள். இவ்வெண்களைச் சுட்டிக்காட்டி, 2014 ஜூலை 2 அன்று அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இயந்திரகதியான கைதுக்குத் தடை போட்டது. ஆனால் அத்தீர்ப்பு எடுத்தாண்ட, 2024 வரை நடப்பிலிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 41ஆம் பிரிவு, கைது செய்தால் மட்டுமல்ல, செய்யாவிட்டாலும் காரணத்தை எழுதி வைக்கச் சொன்னது. ஷெர்மனும் பெர்க்கும் 1984இல் கேட்டதற்கு மிக நெருங்கிய விதி இதுதான். என் கணிப்பில், புகார் வந்ததும் போவது, எழுதுவது, ஓடியவனைத் தேடுவது ஆகியவற்றில் காவலருக்கு விருப்புரிமையே கூடாது. கைதை மட்டும் காரணத்தோடு முடிவுசெய்ய விட வேண்டும்; எழுதிய காரணத்தை மேலதிகாரி படிக்க வேண்டும்.

இரட்டைக் கைதைத் தடுக்க, தாக்குதலில் மேலோங்கியவர் யார் என்று பார்த்து அவரையே கைது செய்யும்படி கனெக்டிகட் தன் சட்டத்தை 2018இல் திருத்தியது. கட்டாயக் கைதுச் சட்டம் வந்த பிறகு அதற்கு 32 ஆண்டுகள் ஆயின.