யார் இறங்கிப் பார்ப்பது?

தோழர்களே, ஆளில்லா ரயில்வே கேட்டில் ஒருவர் அடிபட்டுச் செத்தால் பழி யார் மேல்? இதற்குச் சட்டம் சொல்லிவந்த பதிலில் ஒரு சொல் நம்மைத் தைக்கிறது: ‘இறங்கு.’

அதை அழுத்திச் சொன்னது அமெரிக்க உச்ச நீதிமன்றம். ஒஹையோவில் குட்மேன் என்பவர் லாரியில் தண்டவாளத்தைக் கடக்க வந்தார். ஒரு கட்டடம் மறைத்ததால், 20 அடி நெருங்கும்வரை ரயில் தெரிய வழியில்லை. அவர் 5, 6 மைல் வேகத்துக்குக் குறைத்திருந்தார். ரயில் 60 மைல் வேகத்தில் வந்தது. அவர் மனைவி வழக்குத் தொடுத்தார். ஜூரி அவர் பக்கம் நின்றது. 1927-ல் நீதிபதி ஹோம்ஸ் அதைத் தள்ளினார்: தெரியாவிட்டால் நிறுத்தி, இறங்கிப் பார்த்திருக்க வேண்டுமாம்.

ஏழே ஆண்டில், 1934-ல், போகோரா வழக்கில் நீதிபதி கார்டோசோ இந்த விதியைத் தளர்த்தினார். பார்த்துவிட்டுத் திரும்பி வந்து வண்டியைக் கிளப்புவதற்குள் ரயில் வந்துவிடலாமே என்றார். வண்டி ஓட்டும் எவருக்கும் தெரிந்ததுதான்.

அங்கே தளர்ந்த விதி இங்கே சட்டமாகவே இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 131-ஆம் பிரிவுப்படி, ஆளில்லா கேட்டில் வண்டியை நிறுத்தி, நடத்துநரோ கிளீனரோ நடந்துபோய்ப் பார்க்க வேண்டும். யாருமில்லையென்றால் ஓட்டுநரே இறங்க வேண்டும். ஊர்த்தெருவில் சைக்கிளை விட்டு இறங்கி நடக்க வைக்கப்பட்ட நம் தாத்தாக்களுக்கு இந்தக் கட்டளையின் தொனி புதிதல்ல. 1989 ரயில்வே சட்டத்தின் 161-ஆம் பிரிவு, கவனமின்றிக் கடந்தவருக்கு ஓராண்டு வரை சிறை என்கிறது. அதே சட்டம், ரயில் விபத்தில் சாகும் பயணியின் குடும்பத்துக்கு, ரயில்வேயின் தவறை நிரூபிக்கச் சொல்லாமலே இழப்பீடு தருகிறது. சாலையில் வந்து செத்தவருக்கு அந்த வழி இல்லை. அவர் குடும்பம்தான் தவறை நிரூபிக்க வேண்டும்.

1979-ல் கேரளத்தில் ஆளில்லா கேட்டில் நடந்த விபத்தில் பயணிகள் பலர் மாண்டனர். 1997-ல்தான் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: போக்குவரத்து பெருகிய இடத்தில் காவலாள் போடாததே ரயில்வேயின் கவனக்குறைவு. பதினெட்டு ஆண்டு! ஆனாலும் நாம் கையில் வைத்துக்கொள்ள வேண்டிய தீர்ப்பு இது. ‘நீ ஏன் இறங்கவில்லை’ என்ற கேள்வி அங்கே ‘நீ ஏன் ஆள் போடவில்லை’ என்று திரும்பியது.

2019 ஜனவரி 31-க்குள் அகல ரயில்பாதையில் ஆளில்லா கேட்டுகள் எல்லாம் அகற்றப்பட்டன. பல ஊர்களில் பதிலாக வந்தது சுரங்கப்பாதை. மழை பெய்தால் குளம். 2021-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ரயில் பாதைக்கடியில் தேங்கிய நீரில் கார் மூழ்கி ஓர் உயிர் போனது. தண்ணீரின் ஆழத்தை யார் இறங்கிப் பார்ப்பது என்று இனி வழக்காட வேண்டியிருக்கும்.