பாம்புமில்லை, கல்லுமில்லை

ஆச்சி வீட்டு அலமாரியில் ஒரு கறுப்புக் கல் இருந்தது. புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிசு, கனமே இருக்காது. பாம்பு கடித்த இடத்தில் வைத்தால் விஷத்தைக் குடித்துவிட்டுத் தானாக விழும், பாலில் போட்டால் கக்கிவிடும் என்பாள். தேரிக்காட்டில் பனையேறிய அவள் தம்பிக்கும் அதைத்தான் வைத்தார்கள். கல் கெட்டியா ஒட்டிக்கிட்டுதான் இருந்துச்சாம். விடியறதுக்குள்ள அவர் போயிட்டார்.

ஆங்கிலத்தில் இதன் பெயர் 'ஸ்நேக்ஸ்டோன்'. அச்சு அசலாக நம்ம பாம்புக்கல். தமிழிலிருந்து நேரே போன சொல் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் நடுவில் போர்த்துகீசியர்கள் நிற்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டில் முத்துக்காக இந்தக் கரைக்கு வந்து, 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடிக்கும்வரை இருந்தவர்கள். அவர்கள் மொழியில் 'கோப்ரா' என்றால் வெறும் பாம்பு. எந்தப் பாம்பும் கோப்ராதான். நல்லபாம்பை மட்டும் 'கோப்ரா த கப்பேலோ' என்றார்கள், முக்காடு போட்ட பாம்பு. ஆங்கிலேயர்கள் முக்காட்டை உருவிவிட்டுப் பாம்பை வைத்துக்கொண்டார்கள்! இந்தக் கல் போர்த்துகீசியத்தில் 'பெத்ரா த கோப்ரா'. ஐரோப்பா இந்தக் கல்லை அறிந்தது பெரும்பாலும் அவர்கள் வழியாகத்தான்.

இங்கிலாந்தில் வேறொரு 'ஸ்நேக்ஸ்டோன்' உண்டு. விட்பி கடற்கரையில் கிடைக்கும், சுருண்ட பாம்பு போன்ற அம்மோனைட் புதைபடிவம். பெயர் ஒன்று, பொருள் வேறு.

நம்ம கல்லின் தமிழ்ப்பெயரை ஆங்கில எழுத்தில் 'பாம்பூ கலூ' என்று பதிந்தவர், இலங்கையில் காலனிச் செயலராக இருந்த எமர்சன் டெனண்ட். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த பாம்பாட்டிகளே இதை அங்கே பரப்பியிருப்பார்கள் என்பது அவர் ஊகம். ஒரு கல்லை மைக்கேல் ஃபாரடேயிடம் கொடுத்துச் சோதிக்கச் சொன்னார். மின்சார ஃபாரடேயேதான். கருக்கிய எலும்பு என்றார் அவர். நுண்துளை நிறைந்த எலும்பு ஈரத்தை உறிஞ்சும், புண்ணில் ஒட்டும். இரத்தத்தில் கலந்துவிட்ட விஷத்தை அது என்ன செய்ய முடியும்? அதற்கு வெகுமுன்பே, 1671இல், இத்தாலியின் ஃபிரான்செஸ்கோ ரெடி சோதித்துப் பார்த்து, இதில் ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டார்.

ஆனாலும் கல் பிழைத்தது. விஷமுள்ள பாம்பு கடித்தாலும் எல்லாக் கடியிலும் விஷம் இறங்குவதில்லை. தப்பியவர்கள் கல்லைப் புகழ்ந்தார்கள். இந்தியாவில் பாம்புக்கடியால் சாகிறவர்கள் ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர் என்கிறது 2020இல் வந்த ஆய்வு.

கல் இருந்த 'அலமாரி'யும் போர்த்துகீசியச் சொல்தான். ஆச்சி கடைசிவரை அதைத் தூக்கிப் போடவில்லை. தம்பியைப் பற்றிக் கேட்டால், "கல்லு மேல குத்தமில்லய்யா, நேரங்கழிச்சு வச்சுட்டாங்க" என்பாள்.