மெஷ்ஷா, எக்ஸ்டென்டரா? வாங்குவதற்கு முன் வீட்டை ஒருமுறை நடந்து பாருங்கள்

"வைஃபை பின்னறைக்கு வருகுதில்லை, என்ன வாங்கலாம்?" 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டு வகுப்புகள் சூமுக்கு மாறிய நாளிலிருந்து, உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பாடசாலைகள் திறந்து பல வருடங்களாகியும் கேள்வி ஓயவில்லை. உயர்தரப் பிள்ளைகளின் ஒன்லைன் ரியூஷன், வீட்டிலிருந்தே வெளிநாட்டு நிறுவனமொன்றுக்கு வேலை செய்யும் மகன், இரவில் கனடாவிலிருந்து வரும் வீடியோ அழைப்பு எல்லாம் அந்தப் பின்னறையில்தான் நடக்கின்றன.

கடைக்குப் போனால் இரண்டு பதில்கள் கிடைக்கும். ஒன்று, சுவர்ப் பிளக்கில் நேரடியாகச் செருகும் சிறிய பெட்டி. எக்ஸ்டென்டர் என்பது அதன் பெயர். ரிப்பீட்டர் என்றும், பூஸ்டர் என்றும் சொல்வார்கள். மற்றது, இரண்டு மூன்று பெட்டிகள் ஒரே பொதியாக வரும் மெஷ் தொகுதி. விலை முதலாவதைவிடப் பல மடங்கு. கடைக்காரர் வழக்கமாக "எத்தனை அறை?" என்று கேட்டுவிட்டு ஒன்றை எடுத்துத் தருவார். ஆனால், அறைகளின் எண்ணிக்கையை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. முதலாவது பெட்டியிலிருந்து இரண்டாவது பெட்டிக்குத் தரவு எந்த வழியால் போகப்போகிறது என்பதே கேட்கவேண்டிய கேள்வி. அதற்குப் பதில் தெரிந்தால் எதை வாங்குவது என்பது பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

பூஸ்டர் என்ற பெயரிலிருந்தே குழப்பம் தொடங்குகிறது. அந்தப் பெட்டி உங்கள் இணைப்பின் வேகத்தைக் கூட்டுவதில்லை. ரவுட்டர் சொல்வதைக் கேட்டு, அதையே திரும்பச் சொல்கிறது, அவ்வளவுதான். ஒரே அலைவரிசையில் கேட்பதையும் சொல்வதையும் ஒரே நேரத்தில் செய்ய அதற்கு முடியாது. கேட்கும்போது பேசாது, பேசும்போது கேட்காது. ஆகவே, மலிவான எக்ஸ்டென்டரில் கிடைக்கும் வேகம் அது நிற்கும் இடத்திலுள்ள வேகத்தில் ஏறக்குறைய பாதியாகிவிடும். இரட்டை அலைவரிசைப் பெட்டியென்றால் ரவுட்டரிடமிருந்து 5 கிகாஹேர்ட்ஸில் வாங்கி, கைத்தொலைபேசிக்கு 2.4 கிகாஹேர்ட்ஸில் கொடுக்கலாம். இழப்பு குறையும். ஆனால் அதற்கு 5 கிகாஹேர்ட்ஸ் அலை இடையிலுள்ள சுவர்களைத் தாண்டி அந்தப் பெட்டிவரை வந்து சேரவேண்டும். நமது சீமெந்துக் கல் சுவர் இரண்டைக் கடந்த பின் அந்த அலையில் மிஞ்சுவது கொஞ்சம்தான்.

நான் பார்த்த வீடுகளில் எக்ஸ்டென்டர் தோற்றுப்போவதற்கு முக்கிய காரணம் அதை வைத்த இடம். சிக்னல் இல்லாத அறையிலேயே அதைச் செருகிவிடுகிறார்கள். அங்கே ரவுட்டரின் குரல் அதற்கே சரியாகக் கேட்காது. ஆனால் பக்கத்திலிருக்கும் கைத்தொலைபேசியில் வைஃபை கோடுகள் முழுமையாகத் தெரியும். "ஃபுல் சிக்னல் காட்டுது, ஆனால் ஒன்றும் திறக்குதில்லை" என்ற முறைப்பாடு இங்கிருந்துதான் வருகிறது. அந்தக் கோடுகள் உங்களுக்கும் எக்ஸ்டென்டருக்கும் இடையிலான நிலையைக் காட்டுகின்றன. எக்ஸ்டென்டருக்கும் ரவுட்டருக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதை அவை காட்டுவதில்லை. எனவே அதை வைக்கவேண்டிய இடம் நடுவழி: சிக்னல் இன்னும் நன்றாக இருக்கின்ற, ஆனால் கெடத் தொடங்கப்போகின்ற இடம்.

மெஷ் வேறு சாமான்தான். ஆனால் இயற்பியல் அதற்கும் ஒன்றே. கம்பியில்லாமல் ஒரு பெட்டியிலிருந்து மற்றதற்குத் தாவும் ஒவ்வொரு தடவையும் மெஷ்ஷும் வேகத்தை இழக்கிறது. மூன்று அலைவரிசை கொண்ட விலை கூடிய தொகுதிகள், பெட்டிகள் தமக்குள் பேசுவதற்கென ஓர் அலைவரிசையை ஒதுக்கி அந்த இழப்பைக் குறைக்கின்றன. இரட்டை அலைவரிசை கொண்ட மலிவான மெஷ்ஷில் அந்த ஒதுக்கீடு இல்லை. பொதியின் மேல் மெஷ் என்று எழுதியிருப்பதை மட்டும் வைத்து இந்த இரண்டையும் ஒன்றென நினைக்கக்கூடாது.

பொதியின் மேல் எழுதியிருக்கும் சதுர அடிக் கணக்கையும் அப்படியே நம்பவேண்டாம். வீட்டு மெஷ் பரவலாகச் சந்தைக்கு வந்தது 2016இல். அமெரிக்காவின் ஈரோ நிறுவனமும் கூகுளும் அந்த வருடத்தில்தான் தமது பெட்டிகளை விற்பனைக்கு விட்டன. ஈரோவை 2019இல் அமேசன் வாங்கியது. அந்த நாட்டு வீடுகளின் உட்சுவர்கள் பெரும்பாலும் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்தவை. அலை அதற்குள்ளால் சுலபமாகப் போய்விடும். யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளின் தடித்த சுண்ணாம்புக்கல் சுவரும், கொழும்புத் தொடர்மாடியின் கம்பி போட்ட கொங்கிரீட்டும் அப்படிப்பட்டவை அல்ல.

மெஷ்ஷின் உண்மையான பலம் நடமாட்டத்தில் இருக்கிறது. எக்ஸ்டென்டர் உள்ள வீட்டில், முன்னறையில் ரவுட்டரோடு இணைந்த கைத்தொலைபேசி பின்னறைக்குப் போன பிறகும் அந்த ரவுட்டரையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும். எந்தப் பெட்டியோடு இணைவது என்று முடிவெடுப்பது தொலைபேசியே தவிர ரவுட்டர் அல்ல. 802.11கே, 802.11வி, 802.11ஆர் ஆகிய நியமங்கள் இதற்காக உருவாக்கப்பட்டவை. நல்ல மெஷ் தொகுதி இவற்றைப் பயன்படுத்தி, "பக்கத்தில் இன்னொரு பெட்டி இருக்கிறது, அங்கே மாறு" என்று தொலைபேசிக்கு ஆலோசனை சொல்கிறது. பேசிக்கொண்டே குசினியிலிருந்து மேல்மாடிக்குப் போகிறவருக்கு இது பெரிய வித்தியாசம். மேசையில் ஒரே இடத்திலிருந்து படிக்கும் பிள்ளைக்கு இதனால் ஒரு பயனும் இல்லை.

முதலில் அளவுங்கள்

எதையும் வாங்க முன், ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று வேகத்தைச் சோதியுங்கள். முடிந்தால் மடிக்கணினியைக் கேபிளால் இணைத்துப் பாருங்கள். அங்கேயே வேகம் குறைவென்றால் பிரச்சினை உள்ளே வரும் இணைப்பில் இருக்கிறது. அதை எந்த மெஷ்ஷாலும் திருத்த முடியாது. 4ஜி ரவுட்டர் வைத்திருக்கும் வீடுகளில் இதுதான் அதிகம். கோபுரத்தைப் பார்த்த ஜன்னலோரத்துக்கு ரவுட்டரை நகர்த்துவதே அங்கே முதலாவது வைத்தியம்.

ரவுட்டரடியில் வேகம் நன்றாக இருந்தால், ஆண்ட்ரொய்ட் தொலைபேசியில் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு அறை அறையாக நடவுங்கள். அது டிபிஎம் என்ற அலகில் ஒரு மறை எண்ணைக் காட்டும். பூச்சியத்துக்குக் கிட்டப் போகப் போக நல்லது. -50 மிக நல்லது. வீடியோ அழைப்பு தடங்கலின்றி ஓட -67 அளவாவது வேண்டும் என்பது பொதுவான கணக்கு. -80இல் இணைப்பு பெயருக்குத்தான் இருக்கும். எந்தச் சுவரைத் தாண்டும்போது எண் சட்டென்று விழுகிறது என்று கவனியுங்கள். சில வேளைகளில் அது சுவராகவும் இருக்காது. இரும்பு அலுமாரி, குளிர்சாதனப் பெட்டி, பெரிய நிலைக்கண்ணாடி, மீன்தொட்டி எல்லாம் அலையை மறிக்கும்.

தேவை எவ்வளவு என்பதையும் கூட்டிப் பாருங்கள். 720 தரத்தில் ஒரு குழு வகுப்புக்கு சூம் கேட்பது தரவேற்றத்தில் 2.6 எம்பிபிஎஸ், தரவிறக்கத்தில் 1.8 எம்பிபிஎஸ். முழு எச்டி படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 5 எம்பிபிஎஸ். பாதியாகக் குறைந்த வேகமும் ஒரு பிள்ளையின் வகுப்புக்குத் தாராளமாகப் போதும். அந்த வீட்டில் மெஷ்ஷுக்குக் காசு கொட்டுவது வீண்.

யாழ்ப்பாணத்தில் என் பெரியம்மா இருப்பது நாற்சார் வீட்டில். ஃபைபர் இணைப்பு முன் விறாந்தையில் நிற்கிறது. எல்லா வீட்டிலும் அப்படித்தான். வயர் உள்ளே வருகிற இடத்திலேயே பெட்டியைப் பூட்டிவிட்டுப் போவது பொருத்த வருபவர்களின் வழக்கம். மச்சாள் படிக்கும் அறை நடுமுற்றத்துக்கு அப்பால், குசினிப் பக்கம். அலை மூன்று சுவர்களைக் குறுக்கே கடக்கவேண்டியிருந்தது. நாங்கள் பெட்டியை முற்றத்தைப் பார்த்த உள் விறாந்தைக்கு நகர்த்துவித்தோம். திறந்த முற்றத்தில் அலையை மறிக்க ஒன்றுமில்லை. எதிர்ப்பக்க விறாந்தையில் வைத்த ஒரு சாதாரண எக்ஸ்டென்டர் அந்த அறைக்குப் போதுமாக இருந்தது. அதே பெட்டியை ஒரு தொடர்மாடி வீட்டில் வைத்திருந்தால் இந்தப் பலன் கிடைத்திருக்காது.

கேபிள் இழுக்க முடியுமென்றால்

இழுங்கள். இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. கெட் 5ஈ அல்லது கெட் 6 கேபிள் ஒன்று 100 மீற்றர்வரை 1 ஜிபிபிஎஸ் வேகத்தைக் கொண்டுபோகும். சுவர், அலுமாரி, பக்கத்து வீட்டு வைஃபை எதுவும் அதைப் பாதிக்காது. கூரைக்குள்ளாலோ சுவரோரமாகவோ பின்னறைவரை அதைக் கொண்டுபோனால், மறுமுனையில் மெஷ் பெட்டியை வைத்தாலும் சரி, பழைய ரவுட்டர் ஒன்றை வைத்தாலும் சரி, பாதி வேகம் என்ற பேச்சே இல்லை. அலுமாரிக்குள் தூங்கும் பழைய ரவுட்டரில் டிஎச்சிபியை நிறுத்தி, அதன் ஐபி முகவரியை முதலாவதோடு மோதாதபடி மாற்றி, வைஃபைக்கு அதே பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து, லேன் துளையில் கேபிளைச் செருகினால் வேலை முடிந்தது. 2.4 கிகாஹேர்ட்ஸில் ஒன்றுக்கொன்று மோதாத சனல்கள் 1, 6, 11. இரண்டு பெட்டிகளுக்கும் வெவ்வேறு சனலைக் கொடுங்கள்.

கேபிள் வாங்கும்போது முழுச் செப்பா என்று கேளுங்கள். அலுமினியத்தின் மேல் செப்புப் பூசிய மலிவுச் சரக்கும் கிடைக்கிறது. அது வளைத்தால் முறியும், தூரம் கூடினால் சிக்னலும் விழும். முன்வீட்டிலிருந்து பின்வளவிலுள்ள வேறு கட்டடத்துக்கு வெளியால் செப்புக் கேபிள் இழுப்பவர்கள், ஒக்டோபர், நவம்பர் இடிமின்னல் காலத்தில் இரு முனையையும் கழற்றி வைக்கவேண்டும். அந்த வேலைக்கு ஃபைபர் கேபிளே பாதுகாப்பானது.

வாடகை வீட்டில் சுவரில் துளை போட விடமாட்டார்கள். இரண்டு மாடி வீட்டில் எல்லோரும் எல்லா இடத்திலும் நடமாடுவார்கள். இப்படிப்பட்ட இடங்களில்தான் மெஷ் தன் விலைக்கு நியாயம் செய்கிறது. வாங்கும்போது மூன்று அலைவரிசையா என்றும், கேபிள் துளைகள் ஜிகாபிட் வேகமா என்றும் பாருங்கள். மலிவுப் பெட்டிகள் சிலவற்றின் துளை 100 எம்பிபிஎஸ்ஸோடு நின்றுவிடும். அதற்கு மேற்பட்ட பெக்கேஜுக்குக் கட்டும் காசு அந்தத் துளையிலேயே வீணாகும். வெவ்வேறு நிறுவனங்களின் பெட்டிகளைக் கலந்து பாவிப்பதற்கென வைஃபை அலையன்ஸ் 2018இல் ஈசிமெஷ் என்ற சான்றிதழைக் கொண்டுவந்தது. அது இல்லாத பெட்டிகளைக் கலப்பதென்றால் ஒரே நிறுவனத்தோடு நிற்பது நல்லது.

மெஷ்ஷைப் பூட்டிய பின் பலர் விட்டுவிடும் ஒரு வேலை உண்டு. சேவை வழங்குநர் தந்த ரவுட்டரும் மெஷ்ஷும் இரண்டுமே ரவுட்டராக வேலை செய்தால் சில விளையாட்டுகளும் பாதுகாப்புக் கமராக்களும் தகராறு பண்ணும். மெஷ்ஷை அக்சஸ் பொயின்ட் முறைக்கு மாற்றிவிட்டு, பழைய பெட்டியின் வைஃபையை நிறுத்திவிடுங்கள்.

மின்வெட்டை எந்த விளம்பரமும் கணக்கில் எடுப்பதில்லை. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்சாரம் இல்லாதிருந்தபோது, 12 வோல்ட் சிறு யூபிஎஸ்ஸில் ரவுட்டரை ஓட்டப் பல வீடுகள் பழகிக்கொண்டன. சுவர்ப் பிளக்கில் நேரடியாகச் செருகும் எக்ஸ்டென்டரை அந்த யூபிஎஸ்ஸில் கொழுவ முடியாது. அதற்கு 230 வோல்ட்தான் வேண்டும். மெஷ் பெட்டிகள் பெரும்பாலும் தனி அடப்டரோடு வருவதால் கொழுவலாம், ஆனால் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு யூபிஎஸ் தேவை. கொழுவ முன் அடப்டரில் எழுதியிருக்கும் வோல்ட் அளவைப் பாருங்கள். எல்லாமே 12 அல்ல.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் மெஷ் தொகுதி கொண்டுவருவதாகச் சொன்னால், அடப்டரில் 100-240 வோல்ட் என்று இருக்கிறதா என்று படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அங்கத்தைய பிளக் இங்கே பொருந்தாமல் போகலாம். அப்போது மாற்றுப் பிளக் ஒன்று வாங்க நேரும். அதைத் தளர்வாகச் செருகியபடி கட்டிலுக்குப் பின்னால் விட்டுவிடாதீர்கள்.