ஒட்சிசன் கடன்: ஒரு கருத்தின் வரலாறு

ஓடி நின்றவன் ஓட்டம் முடிந்த பின்னரும் நெடுநேரம் மூச்சு வாங்குகின்றான். தொழில் ஓய்ந்த பின்னரும் உடல் ஒட்சிசனை மிகுதியாக வேண்டுவது ஏன் என்னும் வினா, இருபதாம் நூற்றாண்டின் உடற்றொழிலியலை வளர்த்த வினாக்களுள் ஒன்றாகும்.

இதற்கு விடை பகர்ந்தோருள் தலையாயவர் ஏ. வி. ஹில் என்னும் ஆங்கிலேயர். தசையில் வெப்பம் தோன்றுமாற்றை ஆராய்ந்தமைக்காக 1922ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசை, ஒட்டோ மையர்கோவ் என்னும் ஜெர்மானியருடன் பகிர்ந்துகொண்டவர் அவர். ஓடுவோர் வெளிவிடும் மூச்சைப் பைகளிற் சேகரித்து அளந்த ஹில்லும் லப்டன் என்பாரும், 1920களின் தொடக்கத்தில் 'ஒட்சிசன் கடன்' என்னும் தொடரை வழங்கினர். கடுந்தொழிலின்போது தசை கடன்பட்டு இயங்குகிறது. தேங்கிய இலத்திக்கமிலத்தை அகற்றுகையில் அக்கடன் தீர்கிறது என்பது அவர்தம் கொள்கை. வணிகரின் பேரேட்டை நினைவூட்டும் இவ்வுவமை எளிமையானது; ஆதலின் நிலைபெற்றது.

எனினும் கணக்கு நேராகவில்லை. 1933இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் மார்காரியா, எட்வேட்ஸ், டில் ஆகிய மூவரும், கடனில் முதற்கண் விரைந்து தீரும் பகுதிக்கும் இலத்திக்கமிலத்துக்கும் தொடர்பில்லை எனக் காட்டினர். மிகை ஒட்சிசன் செலவுக்கு உடல்வெப்பம் முதலிய பல காரணங்கள் உண்டென்று கூறி, கடன் என்னும் சொல்லையே கைவிடவேண்டுமென 1984இல் கேசரும் புறூக்சும் வாதிட்டனர்.

குறையின் வேர் அளவீட்டிலேயே இருந்தது. மூச்சில் அளந்தது உடல் முழுவதன் செலவு. தசையின் செலவை நேரே அறிய ஊசியும் குழாயும் செலுத்த வேண்டியிருந்தது. 1977இல் டியூக் பல்கலைக்கழகத்துப் பிரான்ஸ் யோப்சிஸ், செந்நிறத்தை அடுத்துள்ள கட்புலனாகாக் கதிர் இழையங்களை ஊடுருவும் எனவும், குருதி ஒட்சிசனை ஏற்றதா இழந்ததா என்பதை அதன் உறிஞ்சல் காட்டும் எனவும் வெளியிட்டார். பிறிற்றன் சான்ஸ் முதலியோர் இம்முறையால் படகுவலிப்போரின் தொடைத்தசை மீளுமாற்றை அளந்து 1992இல் வெளியிட்டனர். பின்வந்தோர் உறுப்பைப் பட்டியால் இறுக்கிக் குருதியோட்டத்தைச் சில விநாடிகள் தடுத்தனர். புதிய ஒட்சிசன் வாராதபோது, உள்ளது குறையும் வேகமே தசையின் செலவாகும். ஓய்வுவேளையில் இதனை மீண்டும் மீண்டும் செய்ய, அச்செலவு தணியுமாறு புலப்படும். விரைந்து தணியுமாயின் தசைக்கலங்களின் இழைமணிகள் திறன் மிக்கன என்பது பெறப்படும்.

இம்முறையும் குறையற்றதன்று. தோலின் கீழுள்ள கொழுப்பு ஒளியைத் தடுக்கும். ஈமோகுளோபினையும் மயோகுளோபினையும் இக்கதிர் வேறுபிரித்தறியாது. ஆயினும் தசையின் கணக்கைத் தசையிடமே கேட்க அது வழிவகுத்தது. உவமை ஆராய்ச்சிக்குத் துணை செய்யும். அளவீடு பிந்துமாயின், அவ்வுவமையே உண்மையின் இருக்கையைப் பற்றிக்கொள்ளும். ஒரு சொல் அறுபது ஆண்டுகள் ஆட்சி செலுத்திய இவ்வரலாறு அதற்குத் தக்க சான்றாகும்.