கண்டியின் மைத்துனர் உரிமை: முத்துசாமியின் வாழ்வும் குடும்பமும்

முத்துசாமி, கண்டி மன்னன் இராஜாதி இராஜசிங்கனுடைய அரசியின் உடன்பிறந்தவர். 1803 மார்ச்சில் பிரித்தானியப் படையினர் கண்டியில் அவருக்கு முடிசூட்டினர். அதே ஆண்டு ஜூன் இறுதியில் அவர் கொல்லப்பட்டார். ஆங்கில வரலாற்று நூல்கள் அவரை மேஜர் டேவியின் தோல்விக் கதையில் வந்துபோகும் ஒரு பொம்மை அரசராகவே காட்டுகின்றன. அவர் ஆட்சி பொம்மை ஆட்சியாக இருந்தது உண்மையே. ஆனால் அவருடைய உரிமை பிரித்தானியர் கொடுத்ததன்று. அது அவருடைய குடும்பத்தின் வழி வந்தது.

கண்டியின் கடைசிச் சிங்கள மன்னன் வீர நரேந்திரசிங்கன் மதுரையிலிருந்து நாயக்கர் குலப் பெண்ணை மணந்திருந்தான். 1739இல் அவன் இறந்தபோது அவளுக்குப் பிள்ளை இல்லை. சிங்களப் பெண்மணி ஒருத்தியிடம் பிறந்த உனம்புவே பண்டார இருந்தும், தாய் சத்திரியப் பெண் அல்லள் என்பதால் அவனுக்கு முடி கிடைக்கவில்லை. பட்டத்தரசியின் உடன்பிறந்தவனே ஸ்ரீ விஜய இராஜசிங்கனாக அரியணை ஏறினான். அவனுக்கும் பிள்ளை இல்லாமற்போக, 1747இல் அவனுடைய மைத்துனன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் வந்தான். கீர்த்தி ஸ்ரீக்கு மாம்பிட்டிய குடும்பத்துப் பெண்ணிடம் ஆண் மக்கள் இருந்தும், 1782இல் தம்பி இராஜாதி இராஜசிங்கனே அரசனானான். அரை நூற்றாண்டுக்குள் இருமுறை மைத்துனன் வழியாகவே முடி கைமாறியிருந்தது. 1798இல் இராஜாதி இராஜசிங்கன் பிள்ளையின்றி இறந்தபோது அதே முறைப்படி கேட்கத்தக்க இடத்தில் நின்றவர் முத்துசாமி.

பெண்வழி உறவு முடியைத் தீர்மானிப்பது கண்டிக்கு மட்டும் உரிய விசித்திரம் அன்று. டென்மார்க்கில் ஏழாம் பிரெடெரிக்கிற்கு வாரிசு இல்லாதபோது, கிளை வம்சத்து இளவரசரான கிறிஸ்டியான், தம் மனைவி லூயிசாவின் உரிமையையும் சேர்த்துக்கொண்டே வாரிசாக ஏற்கப்பட்டார். அந்த ஏற்பாட்டை 1852இல் லண்டனில் வல்லரசுகள் உறுதிசெய்தன. 1863இல் அவர் ஒன்பதாம் கிறிஸ்டியானாக அரியணை ஏறினார். ஐரோப்பாவில் அது அரச தந்திரமாகக் கொள்ளப்பட்டது. கண்டியில் அதையொத்த உறவுமுறையைப் பேசிய முத்துசாமியோ, அந்நியனின் கைப்பாவை என்ற பெயரையே பெற்றார்.

1798இல் முடிவெடுத்தவர் முதல் அதிகாரான (தலைமை அமைச்சர்) பிலிமத்தலாவை. முத்துசாமியை விலக்கிவிட்டு, அரச குடும்ப உறவினரான பதினெட்டு வயது கண்ணுசாமியை அவர் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கனாக முடிசூட்டினார். பக்கபலம் இல்லாத இளைஞன் தம் கைக்குள் இருப்பான் என்பதே அவர் கணக்கு. 1799இலிருந்தே அவர் பிரித்தானிய ஆளுநர் பிரெடெரிக் நோர்த்துடன் இரகசியமாகப் பேசி வந்ததும் இதையே காட்டுகிறது. முத்துசாமி தப்பிச் சென்று பிரித்தானியரிடம் அடைக்கலம் பெற்றார்.

புத்தளத்து வணிகரின் பாக்கைக் கண்டியார் பறித்த தகராறு 1803இல் போராயிற்று. கொழும்பிலிருந்து மெக்டோவலின் படையும் திருகோணமலையிலிருந்து பார்பட்டின் படையும் பெப்ரவரியில் கண்டியை அடைந்தபோது நகரம் வெறிச்சோடிக் கிடந்தது. அரசன், இன்று நுவரெலியா மாவட்டத்தில் உள்ள ஹங்குரன்கெத்தவிற்குப் போய்விட்டான். அந்த ஆளில்லா நகரில்தான் முத்துசாமிக்கு முடிசூட்டினர். பதிலுக்கு அவர் ஏழு கோறளையையும், கிரிஹாகம, கலகெதர கோட்டைகளையும், கொழும்பிலிருந்து திருகோணமலைக்குப் பாதை அமைக்கும் உரிமையையும் விட்டுக்கொடுத்தார். கண்டிப் பிரதானிகள் அவர் பக்கம் வரவில்லை. அவருடைய உரிமை அரண்மனை உறவுமுறையில் செல்லுபடியாகும். ஆனால் பிரதானிகள் வந்து பணியாத அரசன் அரசனாக முடியாது. மே மாதத்திலேயே நோர்த் பிலிமத்தலாவையுடன் வேறோர் உடன்பாட்டுக்கு வந்தார்: அதன்படி முத்துசாமி ஆட்சியை விட்டு யாழ்ப்பாணத்தில் உபகாரப்பணம் பெற்று வாழ வேண்டும். முடிசூட்டியவர்களே இரண்டு மாதத்தில் அவரைக் கைவிட்டனர்.

கண்டியில் இருந்த பிரித்தானியக் காவற்படையைக் காய்ச்சல் அழித்தது. ஜூன் 24இல் அதன் தலைவர் மேஜர் டேவி சரணடைந்து, முத்துசாமியையும் அழைத்துக்கொண்டு வெளியேறினார். வட்டபுளுவவில் மகாவலி பெருக்கெடுத்து ஓடியது. கடக்க ஓடம் இல்லை. முத்துசாமியை ஒப்படைத்தால் ஓடம் தருவதாகக் கண்டியார் சொன்னார்கள். டேவி முதலில் மறுத்தார்; பின்னர் இணங்கினார். உறவினர் சிலரோடு அரசன் முன் கொண்டுசெல்லப்பட்ட முத்துசாமிக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஓடம் வரவேயில்லை, டேவியின் ஆட்களில் பெரும்பாலோர் ஜூன் 26இல் கொல்லப்பட்டனர். அடைக்கலம் கேட்டு வந்தவரை ஆற்றங்கரையில் விலையாகக் கொடுத்த செயலை டேவியின் இக்கட்டைச் சொல்லி நியாயப்படுத்த முடியாது. விக்கிரம இராஜசிங்கனுக்கோ முத்துசாமி வெறும் துரோகி மட்டும் அல்லர். தன் முடிக்கு நிகரான உரிமை பேசக்கூடிய உறவினர்.

அந்த அச்சம் பிரித்தானியருக்கும் தொற்றியது. கண்டியைப் பிரித்தானியர் கைக்கு மாற்றிய 1815 மார்ச் 2 ஒப்பந்தம், அரசனின் ஆண் உறவினர் எவரும் கண்டி மாகாணங்களில் நுழைந்தால் மரண தண்டனை என விதித்தது. வெளியேற்றப்பட்ட ‘மலபார்’ (தென்னிந்திய) ஆண்கள் திரும்பி வருவதையும் தடுத்தது. இன்றைய ஹட்டன், நோட்டன் பிரிட்ஜ் மலைகளும் அந்த மாகாணங்களைச் சேர்ந்தவையே. ஆனால் பத்தாண்டு கழியுமுன் கம்பளையில் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. தென்னிந்தியத் தமிழர் அதே மலைகளுக்குக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டனர்.

விக்கிரம இராஜசிங்கன் வேலூர்க் கோட்டையில் சிறையிருந்து 1832இல் இறந்தான். ஆனால் 1817இல் ஊவாவில் கிளர்ச்சி வெடித்தபோது, முன்னாள் பிக்குவான வில்பாவே, தன்னை நாயக்கர் அரச குலத்துத் துரைசாமி என்று அறிவித்த பிறகே அரச உரிமை கோரினான்.